பட்டனைக் கழற்றினோம்... தாத்தா சட்டையை மாட்டினார்!

"இந்த வாரமும் தாத்தா பூசைக்கு வரலைங்கிறாரு." அம்மா போனில் இதைச் சொன்னது, வரிசையாக மூன்றாவது ஞாயிறு.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது. மீனுக்கும் மல்லிகை நாற்றுக்கும் பேர் போன ஊர். தாத்தாவுக்கு 76 வயது. நாற்பது வருடங்களுக்கு மேல் கடலுக்குப் போனவர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்ததில் வலது கையும் வலது காலும் தளர்ந்துவிட்டன. கால் மெள்ள மெள்ளத் திரும்பிவிட்டது. குச்சி ஊன்றி, தெருமுனை டீக்கடை வரை போய் வந்துவிடுகிறார். பேச்சும் பழையபடி வந்துவிட்டது. தினமும் அம்மா வாங்குகிற திட்டே அதற்குச் சாட்சி.

ஆனால், பூசைக்கு மட்டும் வரவில்லை. ஒரு வாரம் கால் வலி. ஒரு வாரம் வெயில். ஒரு வாரம் "ராத்திரி தூக்கமே இல்ல". ஞாயிறு பூசையைத் தவறவிடாத மனிதர், டீக்கடைக்குப் போகிற காலை வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஏன் போகவில்லை?

ஜூன் கடைசியில் ஊருக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. ஞாயிறு காலை, கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடது கையால் ஒரு பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தே ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதே பட்டன். கடைசியில் சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசிவிட்டு, பனியனோடு படுத்துக்கொண்டார்.

"நான் போட்டு விடவா தாத்தா?"

"ஒனக்குச் சட்டை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புனவன் நான். எனக்கு நீ மாட்டி விடுறியா? போ, போ... வேலையைப் பாரு."

டீக்கடைக்கு பனியனும் துண்டும் போதும். கோயிலுக்குச் சட்டை வேண்டும். சட்டைக்குப் பட்டன் வேண்டும். பட்டனுக்கு இரண்டு கை வேண்டும். அவ்வளவுதான் விஷயம். எங்களுக்குத்தான் நான்கு மாதமாகப் புரியவில்லை.

ஜூலை 25 புனித சந்தியாகப்பர் திருவிழா. எங்கள் ஊர் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு கிறிஸ்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று சுற்றுவட்டாரமே வரும். தாத்தா தவறவிட்டதில்லை. நான்கு வாரம் இருந்தது. இந்த வாரப் பகுதி, அந்த நான்கு வாரக் கதை.

ஒரு பட்டனுக்கு எத்தனை விரல்?

உங்கள் சட்டையில் ஒரு பட்டனை இப்போது ஒற்றைக் கையால் போட்டுப் பாருங்கள். அதுவும் பழக்கமில்லாத கையால்.

ஒரு கை காஜாவை விரித்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை பட்டனைச் சாய்த்து நுழைக்க வேண்டும். பிறகு இந்தக் கை விட, அந்தக் கை இழுக்க வேண்டும். நாம் யோசிக்காமல் செய்கிற வேலை. ஆனால் விரல் நுனியில் பிடிப்பு, உணர்வு, இரண்டு கைக்கும் இடையே ஒத்துழைப்பு மூன்றும் இல்லாவிட்டால் நடக்காது. அதனால்தான் பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன்ஸ் நோயாளிகள், முடக்குவாதத்தால் விரல் வீங்கியவர்கள் எல்லோரும் தடுக்கி நிற்கிற இடம் இந்தச் சின்ன வட்டமாக இருக்கிறது.

"டி-ஷர்ட் போட்டு விட வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன். அம்மா முறைத்தார். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளைத் தலைக்கு மேல் தூக்கி, இழுத்து மாட்டினால் வலி உயிர் போகும். முன்னால் திறக்கிற சட்டைதான் அவர்களுக்கு நல்லது. அதிலும் ஒரு முறை உண்டு. போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை தாத்தா நன்றாகவே பழகிவிட்டார். சட்டைக்குள் போய்விடுகிறார். சட்டையை மூடத்தான் முடியவில்லை.

தோற்றுப்போன மூன்று முயற்சிகள்

முதலில் வெல்க்ரோ. வயல்வரப்பில் நடந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதே கதைதான். 1941-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், மலைப்பகுதியில் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது தன் உடையிலும் நாயின் முடியிலும் ஒட்டிய முள்விதையை நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் கொக்கிகளைப் பார்த்துப் பிறந்ததுதான் வெல்க்ரோ. எங்கள் தெரு டெய்லர் அக்கா சட்டைப் பட்டியில் நான்கு துண்டு தைத்துக் கொடுத்தார். தாத்தா ஒற்றைக் கையால் ஒட்டினார். ஒட்டியது. கழற்றினார். 'சர்ர்ர்ர்' என்று சத்தம்.

"நடுப்பூசையில இது பிரிஞ்சா சாமியார் பிரசங்கத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்ப்பாரு. சின்னப்புள்ள செருப்பு மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, 'டக்' என்று மூடுகிற பிரஸ் பட்டன். 1885-ல் ஜெர்மனியின் ஹெரிபர்ட் பாவர் காப்புரிமை வாங்கிய பொருள். சத்தம் பரவாயில்லை. ஆனால் மேல் குமிழும் கீழ்க் குழியும் நேருக்கு நேர் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குழியை விரலால் தேடி, நெஞ்சின் மேல் வைத்து அழுத்த வேண்டும். தளர்ந்த விரலுக்குத் தேடவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை.

மூன்றாவது, காந்தம். இதை நெட்டில் தேடியபோது ஒரு கதை கண்ணில் பட்டது. டான் ஹார்ட்டன் அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர். பார்க்கின்சன்ஸ் நோய். ஒரு போட்டி முடிந்து உடைமாற்றும் அறையில் சட்டைப் பட்டன் போட முடியாமல் நின்றபோது, அவர் அணியின் இளம் வீரர் ஒருவர் வந்து பேசாமல் போட்டு விட்டார். அந்த வீரர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ரஸ்ஸல் வில்சன். வீட்டுக்கு வந்து கணவர் சொன்னதைக் கேட்ட மோரா ஹார்ட்டன், வெளியே பட்டன் போலவும் உள்ளே காந்தமாகவும் இருக்கிற சட்டையை வடிவமைத்தார். 'மேக்னாரெடி' என்ற நிறுவனமே உருவானது. நம் நாட்டிலும் கொல்கத்தாவைச் சேர்ந்த சௌமிதா பாசு, மூட்டு நோயால் தானே உடை மாற்ற முடியாமல்போன அனுபவத்திலிருந்து 'ஸைனிகா' என்ற பெயரில் இப்படியான உடைகளைச் செய்யத் தொடங்கினார்.

காந்தம்தான் சரி என்று நான் துள்ளினேன். அம்மா ஒரே வரியில் அணைத்தார். "தாத்தாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்குல்ல?"

வலுவான காந்தத்தை பேஸ்மேக்கர் அருகில் கொண்டுபோகக் கூடாது. 6 அங்குலமாவது, அதாவது 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ சொல்கிறது. சட்டைப் பட்டனோ நெஞ்சின் மேலேயே உட்காரும். காந்தச் சட்டையும் போனது.

வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால்

அந்த வாரம் தாத்தாவோடு பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். தெரபிஸ்ட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தாத்தாவுக்குக் கைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கோட்டின் உள்பக்கம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பட்டன் இருக்கிற இடத்தில் நூலே இல்லை. குட்டியாக ஒரு கம்பி வளையம்.

"ஸார், இது என்ன?"

"கோட் பட்டன்மா. துவைக்கப் போடும்போது கழட்டிருவோம். இல்லன்னா மெஷின்லயும் இஸ்திரியிலயும் உடைஞ்சுரும்."

பட்டனின் பின்பக்கம் ஒரு கண் இருக்கிறது. துணியில் ஒரு சின்னத் துளை. கண்ணைத் துளை வழியே உள்ளே தள்ளி, சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒரு வளையத்தைக் கோத்துவிட்டால் முடிந்தது. ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். போலீஸ், ராணுவச் சீருடைகளின் பித்தளைப் பட்டன்களிலும் பார்த்திருப்பீர்கள். பட்டனைத் தனியே கழற்றி, பிராஸோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, துவைத்த சட்டையில் திரும்ப மாட்டுவார்கள்.

உலகத்தில் இது புது யோசனையும் இல்லை. 1827-ல் அமெரிக்காவின் ட்ராய் நகரத்தில் ஹன்னா மாண்டேக் என்ற பெண், கணவரின் சட்டையில் காலர் மட்டும் அழுக்காவதைப் பார்த்து, காலரை வெட்டித் தனியே துவைத்து, திரும்பப் பொருத்தினார் என்பார்கள். கழற்றி மாட்டும் காலர் ஊருக்கே தொழிலாகி, ட்ராய்க்கு 'காலர் நகரம்' என்றே பெயர் வந்தது. அந்தக் காலரைச் சட்டையோடு பிடித்து வைத்ததும் ஒரு கழற்றி மாட்டும் பொத்தான்தான்.

இங்கேயெல்லாம் பட்டனைக் கழற்றியது துவைப்பதற்காக. எனக்குத் தோன்றியது வேறு. பட்டனைக் கழற்ற முடியும் என்றால், மாற்றவும் முடியுமே? தாத்தாவின் கைக்கு ஏற்ற பட்டனை மாட்டிப் பார்க்கலாமே? சரியில்லை என்றால் வேறு மாட்டலாமே? சட்டையை வெட்ட வேண்டாம், பிரிக்க வேண்டாம்.

ஜிப்பா பொத்தான்

வீட்டுக்கு வந்து இதை விளக்கியபோது தாத்தா சிரித்தார். நான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"இது என்ன அதிசயம்? என் கல்யாணத்துக்கு நான் ஜிப்பாவுல போட்டது பூராம் கழட்டுற பொத்தான்தான். வெள்ளி. எங்க அப்பாவோடது. நாலு பொத்தான், ஒண்ணோட ஒண்ணு சங்கிலி கோத்து வரும்."

பழைய கல்யாண போட்டோக்களில் பாருங்கள். ஜிப்பாவின் நெஞ்சில் தங்கமோ வெள்ளியோ மின்னும். அந்த ஜிப்பாவில் பட்டன் தைக்கவே மாட்டார்கள். இரண்டு பக்கப் பட்டியிலும் காஜா மட்டும் இருக்கும். பொத்தானுக்கு முன்னால் ஒரு முகம், நடுவில் ஒரு கழுத்து, பின்னால் ஒரு தட்டு. இரண்டு காஜாவையும் சேர்த்து வைத்து உள்ளே விட்டால் நிற்கும். துவைக்கிற கல்லில் ஓங்கி அடிக்கிற ஊரில், தங்கத்தைத் துணியோடு வெளுக்கப் போட முடியுமா? அதற்காகக் கண்டுபிடித்த வழி. ஒரு செட் பொத்தான் இருந்தால் எத்தனை ஜிப்பாவுக்கும் போதும். அப்பாவுக்குப் பிறகு மகன் போடலாம்.

"அந்தப் பொத்தான் எங்க தாத்தா?"

"இன்ஜின் பழுதாகி படகு கரையில கெடந்த வருஷம் அடகு வெச்சேன். வட்டி முழுங்கிருச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அக்காவின் காஜா, தாத்தாவின் முடிச்சு

டெய்லர் அக்கா விஷயத்தைக் கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்தார். "ஏம் பாப்பா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அளவை மட்டும் நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார்.

பட்டன் அளவுக்கு 'லைன்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. 40 லைன் ஓர் அங்குலம். நம் சட்டையின் முன்பக்கப் பட்டன் பெரும்பாலும் 18 லைன். அதாவது பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுண்டுவிரல் நகத்தளவு. தளர்ந்த கைக்கு அது மிகச் சின்னது. "24 லைன் போடுவோம், 15 மில்லி வரும். நடுவுல மேடா இருக்குற பட்டனாப் பாரு, வெரலுக்குப் புடி கெடைக்கும்" என்றார் அக்கா.

காஜாவுக்கும் கணக்கு உண்டு. பட்டனின் அகலம், அதோடு பட்டனின் கனம். 15 மில்லி அகலம், 3 மில்லி கனம் என்றால் காஜா 18 மில்லி. இடது பட்டியிலிருந்த பழைய காஜாவை அந்த அளவுக்கு நீட்டினார். வலது பட்டியில் தைத்திருந்த பழைய பட்டன்களை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடங்களில் துளை போட்டு ஓரம் அடித்தார். கோட் பட்டனை வளையத்தோடு மாட்டினோம்.

தாத்தா முதல் நாள் இரண்டு பட்டன் போட்டார். மூன்றாம் நாள் நான்கு. நான்காம் நாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டோம். மாலையில் பார்த்தால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் செம்பழுப்பில் ஒரு வட்டம். துரு! வளையத்தைக் கழற்றாமலே துவைத்திருக்கிறோம். போதாததற்கு எங்கள் ஊர் உப்புக்காற்று. வெள்ளைச் சட்டை வீண்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். தாத்தா அந்தப் பட்டனை இடது கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"வளையம் எதுக்கு? தங்கூசி நரம்பு எடு. கண்ணுல கோத்து, அந்தப் பக்கம் ஒரு தட்டைப் பட்டனைக் கட்டு. நரம்பு எந்தக் காலத்துல துருப்புடிச்சிச்சு?"

மீன்பிடிக்கிற நைலான் நரம்பு! எங்கள் வீட்டில் உப்புக்கும் புளிக்கும் பஞ்சம் வரலாம். நரம்புக்கு வராது. முன்னால் 24 லைன் பிளாஸ்டிக் கண் பட்டன். பின்னால் 14 லைன் தட்டைப் பட்டன், 9 மில்லி அகலம். நடுவே 5 மில்லி நீளத்துக்கு நரம்பு. வலது பட்டித் துளைகளை அந்தச் சின்னப் பட்டன் நுழைகிற மாதிரி 11 மில்லி காஜாவாக மாற்றினார் அக்கா. சின்னதை உள்ளே தள்ளினால் பெரியது வெளியே நிற்கும். கழற்ற வேண்டுமென்றால் திருப்பித் தள்ளினால் போதும்.

யோசித்துப் பார்த்தால், தாத்தாவின் அப்பா போட்ட அதே ஜிப்பா பொத்தான்தான். வெள்ளிச் சங்கிலிக்குப் பதில் தங்கூசி.

முடிச்சு போட்டது அம்மா. போடச் சொல்லிக்கொடுத்தது தாத்தா. "எச்சி வெச்சு நனைச்சு இறுக்கு. காஞ்ச நரம்பு முடிச்சு நழுவும். முனையை ஊதுபத்தியில காட்டி மொட்டையாக்கு." நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேலையை தாத்தா நடத்தினார். அம்மா இரண்டு முடிச்சைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினார். எல்லோருக்கும் சந்தோஷம்.

இன்னொரு நன்மை, நாங்கள் எதிர்பார்க்காதது. நூலில் தைத்த பட்டன் துவண்டு விழும், விரல் தொட்டதும் நழுவும். நரம்பு விறைப்பானது. பட்டன் தலை நிமிர்ந்து நின்று, காஜாவுக்குக் காத்திருந்தது.

ஏணி மாதிரி

இதன் பெரிய லாபம் இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. 24 லைன் கைக்குப் பழகியதும், 20 லைன் மாட்டினோம். பெரிய காஜாவில் சின்னப் பட்டன் தானாகக் கழன்றுவிடும் என்பதால், அக்கா ஒவ்வொரு காஜாவின் ஓரத்திலும் இரண்டு தையல் போட்டுச் சுருக்கினார். கை கொஞ்சம் தேறினால் பட்டன் ஒரு படி இறங்கும். வலிக்கிற நாளில் மறுபடி பெரியதை மாட்டிக்கொள்ளலாம். தளர்ந்த வலது கையால் சட்டை ஓரத்தை அழுத்திப் பிடிக்கவும் தொடங்கினார். "இதுவும் ஒரு எக்சர்சைஸ்தான், விடாம பண்ணுங்க ஐயா" என்றார் தெரபிஸ்ட்.

திருவிழாச் சட்டையைப் புதிதாகத் தைத்தோம். அதில் அக்கா ஒரு காரியம் செய்தார். ஆண்கள் சட்டையில் பட்டன் வலது பக்கம் இருக்கும், வலது கைக்காரர்களுக்குத் தோதாக. தாத்தாவுக்கு இப்போது வேலை செய்வது இடது கை. அதனால் பட்டனை இடது பக்கத்துக்கும், காஜாவை வலது பக்கத்துக்கும் மாற்றிவிட்டார்.

"இது பொம்பளைச் சட்டை பக்கம்ல?" என்று கண்டுபிடித்துவிட்டார் தாத்தா.

"ஆமா சித்தப்பா. போட்டுப் பாத்துட்டுத் திட்டுங்க" என்றார் அக்கா. போட்டுப் பார்த்தார். திட்டவில்லை.

நீங்களும் செய்யலாம்

* முதலில் பழைய சட்டை ஒன்றில் செய்து பாருங்கள். மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது பட்டன்களை மட்டும் மாற்றினால் போதும். கைக்குச் சரிப்பட்டால் மற்றவற்றை மாற்றலாம்.
* முன்னால் வருகிற பட்டன், பின்பக்கம் கண் உள்ளதாக இருக்கட்டும். வழவழப்பானதைவிட மேடு பள்ளம் உள்ளது நல்லது. சட்டை நிறத்திலிருந்து கொஞ்சம் வேறுபட்டால் பார்வை மங்கியவர்களுக்கும் தெரியும்.
* காஜா அளவு: பட்டன் அகலம் + பட்டன் கனம். இரண்டு பட்டன்களுக்கும் இதே கணக்கு.
* நடு நரம்பு 5 மில்லிக்கு மேல் போனால் சட்டை தொளதொளக்கும். குறைந்தால் துணி சுருங்கும். கனமான துணி என்றால் ஒரு மில்லி கூட்டிக்கொள்ளுங்கள்.
* முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனை எலாஸ்டிக் நூலில் தைத்துவிடுங்கள். பட்டனைக் கழற்றாமலே கை நுழையும்.
* பட்டனைத் தொடவே முடியாதவர்களுக்கு 'பட்டன் ஹூக்' என்ற கருவி இருக்கிறது. கைப்பிடியின் முனையில் ஒரு கம்பி வளையம். அதைக் காஜா வழியே விட்டு, பட்டனைக் கோத்து இழுக்கலாம். ஒரு கை போதும்.
* நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கப் போகும்போது உலோகப் பட்டன் உள்ள சட்டை வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், கழற்றிய பட்டன்களை டப்பாவில் போட்டு மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னக் குழந்தைகளின் உடையில் இந்த வகைப் பட்டன் வேண்டவே வேண்டாம். தொண்டையில் அடைக்கும். காந்தப் பட்டன் இன்னும் ஆபத்து. இரண்டை விழுங்கிவிட்டால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஜூலை 25

லீவு கிடைக்காமல் நான் சென்னையில் இருந்தேன். காலையில் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"தாத்தா ரெடியா?"

"ரெடியாவா? ஆறு மணியில இருந்து வாசல்ல நிக்கிறாரு. நாங்கதான் லேட்டுன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்காரு. சட்டை போட இருபது நிமிஷம் ஆச்சு. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் போட்டாரு. யாரையும் உள்ள விடல."

"எல்லாப் பட்டனும் போட்டாரா?"

"கழுத்துப் பட்டன் மட்டும் போடல. 'அதை என்னைக்கு நான் போட்டேன்'னு கேக்குறாரு."

அதுவும் சரிதான். பழைய போட்டோக்களிலும் தாத்தாவின் கழுத்துப் பட்டன் திறந்தேதான் இருக்கும்.

நான்கு மாதமாக நாங்கள் தாத்தாவின் காலுக்கு மருந்து தேடினோம், தூக்கத்துக்கு மாத்திரை கேட்டோம், "மனசு விட்டுப் போச்சு போல" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவரைத் தடுத்தது சுண்டுவிரல் நகத்தளவு ஒரு வட்டம். "பட்டன் போட முடியல" என்று ஒரு மனிதர், அதுவும் கடலில் பாயும் வலையும் ஆண்ட மனிதர், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "வரலை, நீங்க போங்க" என்றுதான் சொல்வார்.

உங்கள் வீட்டிலும் யாராவது கொஞ்ச நாளாக விசேஷத்துக்கு வர மறுக்கிறார்களா? எப்போதும் சட்டை போடுகிற அப்பா பனியனோடு இருக்கிறாரா? ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியாமல் பாட்டி நைட்டிக்கு மாறிவிட்டாரா? காரணம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். அவர்கள் உடை மாற்றுகிற நேரத்தில், கை எங்கே தடுக்கி நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு பக்கத்துத் தெரு டெய்லர் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.